சிறு அளவில் தொடங்கித் திருத்தி வளர்த்தல்

சரக்குத் தேங்கினால் சங்கத்தின் முதல் முடங்கும். முதல் முடங்கினால் உறுப்பினரின் கூலி தாமதப்படும். இது யாவரும் அறிந்ததே. தேக்கத்தின் காரணத்தை ஆராயின், வாங்குவோர் கருத்தை அறியுமுன் பெருமளவில் உற்பத்தி செய்துவிடுவதே பெரும்பாலும் புலப்படுகிறது.

2001 பிப்ரவரியில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஸ்னோபேர்டில், மென்பொருள் வல்லுநர் 17 பேர் கூடி ‘அஜைல்’ எனும் செயல்முறைக்கு அறிக்கை வகுத்தனர். நெடுங்காலம் உழைத்து இறுதியில் ஒப்படைப்பதை விடுத்து, சில வாரங்களுக்கு ஒருமுறை பயன்படத்தக்க பகுதியை முடித்துக் காட்டி, பயன்படுத்துவோர் கூறும் குறையைத் திருத்தி மேற்செல்லுதலே இதன் சாரம்.

இது நமக்கு முற்றும் புதிதன்று. திருச்சி கே.கே. நகர் உழவர் சந்தையில் விளைவித்தவரே விற்பதால், வாங்குவோர் சொல் அன்றே அவர் செவியை எட்டுகிறது. முற்றிய வெண்டைக்காய் மீந்தால், மறுநாளே இளசாகப் பறித்து வருகிறார். நெசவாளருக்கோ அச்சொல் விற்பனை நிலையத்தையும் சங்கத்தையும் கடந்து பல மாதங்கள் கழித்தே வருகிறது.

உறையூர்ப் பருத்திச் சேலைக்குப் புதுக் கரை ஒன்று வகுப்பதாகக் கொள்வோம். இருபது தறிகளிலும் ஒருங்கே பாவு ஏற்றாமல், முதலில் இரண்டில் மட்டும் ஏற்றுக. அச்சேலைகளை விற்பனைக்கு வைத்து, எது விற்றது, எது மீந்தது, ஏன் என்பதைக் குறித்துக்கொள்க. நெய்தவர், சாயமிட்டவர், விற்பவர் மூவரும் ஒன்றாய் அமர்ந்து குறிப்பைப் படித்து, அடுத்த பாவுக்கு ஒரு திருத்தம் மட்டும் செய்க. பல திருத்தங்களை ஒருங்கே செய்தால், பயன் எதனால் விளைந்தது என்பது விளங்காது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. பாவு பிணைக்கும் நேரத்தில் துணி இறங்காது. அவ்விழப்பை நெசவாளர்மேல் சுமத்தாது சங்கமே ஏற்பது நீதி. வாழை நட்டு ஏறத்தாழ ஓராண்டு கழித்தே தார் தருமாதலின், வாரந்தோறும் திருத்த இயலாது. ஆகவே புது இரகத்தைத் தோட்டத்தின் ஒரு பகுதியில் மட்டும் நட்டுப் பார்த்தல் தகும்.

மற்றொன்றும் கூறுதல் வேண்டும். விரிந்த ஆவணத்தினும் பயன்படும் பொருளே மேல் என்கிறது அவ்வறிக்கை. ஆவணமே வேண்டா என்னவில்லை. இருப்புப் பதிவேடு ஒழுங்காக எழுதப்படாவிடில், மீந்தது எது என்பதையே நாம் அறியோம்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில், புது வகை ஒன்றைத் தேர்ந்து, இரண்டு தறிகளில் இதனைச் சோதித்துப் பார்க்கத் தீர்மானிப்போமாக. அங்குக் காணும் குறையைச் சங்கம் தாங்கும். இருபது தறிகளிலும் நெய்தபின் கண்டால், உறுப்பினர் கூலியே அதற்கு ஈடாகும்.