இடைமுகத்துக்கு ஒரு குறிப்பு

கணினிக் கூடத்துச் சேவையகத்தில் இரண்டு வலையமைப்பு அட்டைகள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்று இணையத்துக்கு, மற்றது மாணவர் கணினிகளுக்கு. செயன்முறைப் பரீட்சை நடக்கையில் ஆசிரியர் இணையத்தை மட்டும் நிறுத்த வேண்டும். இடைமுகம் மாறினால் முழுக் கூடமும் நின்றுவிடும்.

லினக்ஸ் முன்பு இவற்றை ஈத்0, ஈத்1 என்றழைத்தது. கணினியை மீள இயக்கினால் அவை ஒன்றுக்கொன்று மாறவும் கூடும். 2013 இல் சிஸ்டம்டி கொண்டுவந்த ஈஎன்பி3எஸ்0 போன்ற பெயர்கள் எளிதில் மாறுவதில்லை. 3 ஆம் பிசிஐ பஸ், 0 ஆம் செருகிடம் என்பது அதன் பொருள். ஆனால் அது வெறும் வீட்டு இலக்கம். சோனகத் தெருவில் இலக்கத்தைச் சொல்லி வீடு தேடினால் தபாற்காரருக்குத்தான் விளங்கும். யாருடைய வீடு என்றால் எல்லாருக்கும் விளங்கும்.

அதைச் சொல்லவே குறிப்பு. லினக்ஸில் 'ஐபி லிங்க் செற் டெவ் ஈஎன்பி3எஸ்0 அலியாஸ்' என்ற கட்டளையின் பின், மேற்கோட்குறிக்குள் குறிப்பை எழுதலாம். பெயர் மாறாது, பட்டியலில் பெயரின் கீழ் குறிப்பும் தெரியும். ஓபன்பிஎஸ்டியில் இதே வேலைக்கு 'இஃப்கொன்ஃபிக்' கட்டளையில் 'டிஸ்கிரிப்ஷன்' என்ற சொல் வரும். அங்கே 'அலியாஸ்' என்றால் அதே இடைமுகத்துக்கு மேலதிக ஐபி முகவரி! இந்த வரியைச் சிவப்பு மையால் கோடிடுங்கள்.

கட்டளையால் இட்ட குறிப்பு மீள இயக்கும்போது அழிந்துவிடும். நிலைக்க வேண்டுமானால் சிஸ்டம்டியின் லிங்க் கோப்பில் எழுத வேண்டும். கேபிளை மாற்றுபவர் குறிப்பையும் மாற்றாவிட்டால், உம்மாவின் பிஸ்கட் டின்னுக்குள் மிளகாய்த்தூள் இருக்கும் கதைதான்.

'முக்கியமானது' என்று எழுதிப் பயனில்லை. கேபிளின் மறுமுனை எங்கே என்று எழுதுங்கள்: 'கூடம் 2, சுவர் சுவிட்ச், துளை 7'.