கையில் இருக்கும் தொழிலோடு வாருங்கள்

மரக்காணத்து உப்பளக் கரையில் கூத்துக் கட்டவும் சுவரெழுதவும் பாட்டுக் கட்டவும் புறப்பட்டிருக்கும் பிள்ளைகளே, நாட்டை மாற்றும் போராட்டத்தில் கலைஞனுக்கும் கைத்தொழிலாளிக்கும் என்ன பங்கு என்று கேட்கிறீர்கள். பதிலைத் தேடித் தொலைதூரம் போக வேண்டாம். நம் பிழைப்பான உப்புக்காக 1930-இல் நடந்த போராட்டத்திலேயே அது இருக்கிறது.

1. முதலில் தொழிலைக் கற்றுத் தேருங்கள். அந்த ஏப்ரல் 13-இல் ராஜாஜி தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார்கள். நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை அவர்களுக்கு ஒரு வழிநடைப் பாட்டு எழுதிக் கொடுத்தார். சித்திரை வெயிலில் நடப்பவன் மூச்சு வாங்காமல் பாட வேண்டும். எழுத்தறியாதவரும் ஒருமுறை கேட்டதும் சேர்ந்துகொள்ள வேண்டும். ஆவேசம் மட்டும் இருந்தால் அப்படி எழுத வராது. யாப்பும் தாளமும் கைவந்தவருக்கே வரும்.

2. உங்கள் தொழிலைக் கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் பலம். வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற சவரத் தொழிலாளி இருந்தார். அடக்குமுறைக்கு வந்த போலீசாருக்குச் சவரம் செய்வதில்லை என்பது அவர் எடுத்த உறுதி. சாதாரண உடையில் வந்து உட்கார்ந்தவர் போலீஸ்காரர் என்று பாதியில் தெரிந்ததும் கத்தியை மடக்கிவிட்டார். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. மீதியைச் செய்து முடிக்கும்படி நீதிபதி சொன்னபோது, சவரப் பெட்டியை அவர் முன்னால் வைத்து, வேண்டுமானால் நீங்களே செய்யுங்கள் என்றார் என்று சொல்வார்கள். ஆறு மாதம் சிறை. அவர் மேடை ஏறிப் பேசியவரில்லை. தன் கையின் வேலை யாருக்குப் போக வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்தார். சுவர் ஓவியரே, மேளக்காரரே, அந்த முடிவு உங்கள் கையிலும் இருக்கிறது.

3. சோறு போடுபவரை மதியுங்கள். தொண்டர்களுக்கு உணவோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சைக் கலெக்டர் தோர்ன் உத்தரவிட்டார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களை வழிநெடுக மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். நம் கரைக்கும் இந்தப் பெருமை உண்டு. சிறுபாணாற்றுப்படையில் யாழோடு வரும் பாணருக்கு மீன் சுட்டுத் தரும் எயிற்பட்டினம் நம் மரக்காணம்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஊர் ஊட்டாமல் எந்தக் கலைஞனும் வளர்ந்ததில்லை. வந்த ஊரில் சாப்பிட்டுவிட்டு, அந்த ஊரின் துயரத்தைப் பாடாமல் போகாதீர்கள்.

4. எளிதில் பெருகும் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். பாரதி நம் பக்கத்துப் புதுச்சேரிக்கு 1908-இல் வந்த பிறகு, 'இந்தியா' வார இதழ் அங்கிருந்து கருத்துப் படங்களோடு வந்தது. சாந்திநிகேதன் ஓவியர் நந்தலால் போஸ் 1930-இல் கோலூன்றி நடக்கும் காந்தியை லினோலியத்தில் செதுக்கி அச்சிட்டார். கறுப்புப் பரப்பில் சில வெள்ளைக் கோடுகள், அவ்வளவுதான். செலவு குறைந்ததும் விரைவாக அச்சாவதும்தான் எல்லார் கைக்கும் போய்ச் சேரும்.

5. விலை உண்டு என்று தெரிந்து வாருங்கள். நாடக நடிகர் விசுவநாததாஸ் முருகன் வேடத்திலேயே விடுதலைப் பாட்டுப் பாடியவர். 29 முறை கைதானார் என்பார்கள். அவருக்காக வ.உ.சி. நீதிமன்றத்தில் வாதாடினார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது. சிறைக்குப் போகிறவரின் வீட்டில் அடுப்பெரிய வழி செய்வது குழுவின் கடமை. அதை முதல் நாளே பேசி முடிவு செய்யுங்கள்.

6. மேடைக்குள் சாதியை விடாதீர்கள். அதே விசுவநாததாஸ் மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு நடிக்க மறுத்தவர்கள் இருந்தார்கள். விடுதலையைப் பாடும் மேடையிலேயே அந்த அவமானம் நடந்தது. உங்கள் குழுவில் பறையடிப்பவரும் ராஜா வேடக்காரரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும். சம்பளத்திலும் பாகுபாடு கூடாது. இதைச் செய்யாதவர் ஊரைத் திருத்தப் போக வேண்டாம்.

7. வென்றவர்களுக்கும் உங்களைக் கண்டால் அச்சம் வரும். வெள்ளையர் 1876-இல் கொண்டுவந்த நாடகச் சட்டத்தால் தேசிய நாடகங்கள் தடைபட்டன. விடுதலைக்குப் பிறகு, 1954-இல், காங்கிரஸ் ஆட்சியே சென்னை மாநிலத்துக்கு அதே போன்ற சட்டத்தை இயற்றியது. எம்.ஆர்.ராதாவின் நாடகங்களே அதன் குறி. அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது 2013-இல்தான். அதனால் உங்கள் தலைவர் ஆட்சிக்கு வந்த மறுநாளும் கட்டியங்காரன் வாய் திறந்திருக்க வேண்டும். விருதுக்காக அதை மூடாதீர்கள்.

8. முதல் ஆட்டம் அளத்து மக்களுக்கு. உப்பு வரி 1947-இல் ஒழிந்தது. உப்பு வாருபவரின் பாடு ஒழியவில்லை. வெயிலில் மின்னும் பாத்திகளைப் பார்த்துக் கண் கூசுகிறது. உப்புநீரில் கால் வெடிக்கிறது. மழை மாதங்களில் வேலை இல்லை. மழைக்கால உதவியாக அரசு 5,000 ரூபாய் கொடுப்பதும் அண்மைக் காலத்தில் வந்ததே. பாட்டை எழுதியதும் அவர்களிடம் பாடிக் காட்டுங்கள். பொய்யான வரியை அவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். அதை அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அவர்கள் ஒப்புக்கொண்ட பாட்டை எந்தக் கலெக்டர் அலுவலக வாசலிலும் தலை நிமிர்ந்து பாடலாம்.