சுண்டைக்காயும் சுமைகூலியும்: இணையத்தில் மலிவுப் பொருள் விற்போருக்குச் சில கணக்குகள்

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்பது பழமொழி. சந்தைக்குத் தலைச்சுமையாகப் பொருள் சென்ற காலத்தில் பிறந்த இச்சொல், கைப்பேசியிலேயே கடை விரிக்கும் இக்காலத்துக்கும் பொருந்துகிறது. கைவினைப் பொருள் செய்யும் மகளிர், சுய உதவிக் குழுவினர், பழைய நாணயமும் தபால்தலையும் சேகரிப்போர், வீட்டில் பயன்படாமல் கிடக்கும் பொருளை விற்க விரும்புவோர் எனப் பலரும் இன்று இணையச் சந்தைக்கு வருகின்றனர். கடை வாடகை இல்லை, முன்பணம் இல்லை, வாங்குவோர் நாடெங்கும் இருக்கின்றனர். ஆகவே செலவே இல்லாத வணிகம் இது என்ற எண்ணம் எளிதில் உண்டாகிவிடுகிறது.

உண்மையில் செலவுகள் மறைந்துவிடவில்லை. சிறு சிறு துண்டுகளாகப் பிரிந்து, பல நாள்களில், பல பெயர்களில் வருகின்றன. பொருளின் விலை உயர்வாக இருக்கும்போது அவை கண்ணில் படுவதில்லை. விலை 200 ரூபாய், 300 ரூபாய் என்று இருக்கும்போது அவையே லாபத்தைத் தீர்மானிக்கின்றன. அவற்றைக் கணக்கிடும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏலம் கற்பிக்கும் பாடம்

இணைய விற்பனையின் தொடக்க வடிவங்களுள் ஒன்று ஏலம். 1995இல் அமெரிக்காவில் பியர் ஒமிடியார் தொடங்கிய ஏலத்தளமே பின்னர் ஈபே என்று பெயர் பெற்றது. அதில் முதலில் விற்பனையான பொருள் பழுதான ஒரு லேசர் சுட்டி, விலை 14.83 டாலர். இந்தியாவில் 2000இல் தொடங்கப்பட்ட பாஸி டாட் காம் என்னும் ஏலத்தளத்தை 2004இல் ஈபே வாங்கியது. ஈபேயின் இந்தியத் தளம் 2017இல் ஃபிளிப்கார்ட் வசம் சென்று, அடுத்த ஆண்டில் மூடப்பட்டது. இன்று நம் நாட்டில் அன்றாடப் பொருள்கள் பெரும்பாலும் நிலையான விலைக்கே விற்கப்படுகின்றன. நாணயம், தபால்தலை போன்ற சேகரிப்புப் பொருள்களில் இணைய ஏலம் தொடர்கிறது.

ஏலத்தில் பலரை ஈர்க்க வேண்டுமானால் தொடக்க விலையைக் குறைவாக வைக்க வேண்டும் என்பது விற்போரின் பொதுவான எண்ணம். இருவர் போட்டியிட்டால் விலை ஏறும். ஒருவரே கேட்டால் பொருள் தொடக்க விலைக்கே போய்விடும். பட்டியலிடும் கட்டணம், விற்பனையில் தளத்தின் பங்கு, கட்டுமானம், அஞ்சல் ஆகியவற்றின் செலவோ பொருள் 50 ரூபாய்க்குப் போனாலும் 500 ரூபாய்க்குப் போனாலும் பெரிதாக மாறுவதில்லை. எனவே தொடக்க விலை, மொத்தச் செலவுக்குக் கீழே ஒருபோதும் இருத்தல் ஆகாது. நிலையான விலை விற்பனையில் இதே ஆபத்து ‘தள்ளுபடி’ என்னும் பெயரில் வருகிறது. அதையும் கீழே காண்போம்.

ஒரு பொட்டலத்தின் கணக்கு

வீட்டில் சுடுமண் காதணி செய்யும் ஒரு பெண்மணி, ஒரு ஜோடியை 200 ரூபாய்க்கு இணையச் சந்தையில் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தன் மாநிலத்துக்குள் மட்டுமே விற்கிறார், ஜி.எஸ்.டி. பதிவு இல்லை. கட்டணங்கள் தளத்துக்குத் தளம், பொருளுக்குப் பொருள் வேறுபடும். இங்குள்ள எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை.

மண், கொக்கி, வண்ணம், சூளை எரிபொருள்: ரூ.45
பெட்டி, காற்றுக்குமிழ் உறை, முகவரிச் சீட்டு: ரூ.14
தளத்தின் கமிஷன் (5 சதவீதம்): ரூ.10
ஒவ்வோர் ஆர்டருக்கும் உரிய நிலைக் கட்டணம்: ரூ.10
அனுப்பும் கட்டணம்: ரூ.60
மேற்கண்ட மூன்று கட்டணங்களின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.: ரூ.14.40
மொத்தச் செலவு: ரூ.153.40
மிச்சம்: ரூ.46.60

இக்கணக்கில் இரண்டு செய்திகள் உள்ளன. முதலாவது, தளத்துக்குச் செல்லும் 94.40 ரூபாயில் கமிஷனும் அதன் வரியும் சேர்ந்து 11.80 ரூபாய் மட்டுமே. மீஷோ 2021இல் விற்போருக்குக் கமிஷன் இல்லை என்று அறிவித்தது. 300 ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள பல வகைப் பொருள்களுக்கு அமேசான் 2025 ஏப்ரலில் கமிஷனை நீக்கியது. சிறு விற்பனையாளர்களுக்கு இவை நல்ல செய்திகளே. ஆயினும் நம் எடுத்துக்காட்டில் கமிஷன் முழுவதும் நீங்கினாலும் 82.60 ரூபாய் செலவு அப்படியே நிற்கிறது. ‘கமிஷன் இல்லை’ என்ற அறிவிப்பைக் கண்டதும் அனுப்பும் கட்டணத்தின் அட்டவணையையும் திறந்து பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஜி.எஸ்.டி. பதிவு பெற்று, முறையான வரி செலுத்துவோர் இந்த 14.40 ரூபாயை உள்ளீட்டு வரி வரவாகப் பெறலாம். பதிவு இல்லாதவர்க்கும் இணக்கமுறைத் திட்டத்தில் உள்ளவர்க்கும் அது முழுச் செலவே.

திரும்பி வரும் பொட்டலம்

மேலே கண்ட 46.60 ரூபாயை லாபம் என்று எழுதிவிட முடியாது. வாங்கியவர் பெற மறுக்கலாம்; வீட்டில் ஆள் இல்லாமல் போகலாம்; நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பலாம். பொருளைப் பெறும்போது பணம் தரும் முறையில், பெற மறுப்பதால் வாங்குபவருக்கு இழப்பு ஏதுமில்லை.

100 ஆர்டர்களில் 12 திரும்பின என்று கொள்வோம். அவற்றுக்குக் கமிஷனும் நிலைக் கட்டணமும் திருப்பித் தரப்பட்டன. அனுப்பும் கட்டணம் வரியுடன் ரூ.70.80 திரும்பவில்லை, திரும்பி வரும் கட்டணம் 70 ரூபாய், வரியுடன் ரூ.82.60, கட்டுமானச் செலவு ரூ.14 வீண். ஆக, ஒரு திரும்பலுக்கு ரூ.167.40. திரும்பிய 12இல் 4 உடைந்துவிட்டன என்றால் மேலும் 180 ரூபாய். மொத்த இழப்பு ரூ.2,188.80.

சென்று சேர்ந்த 88 ஆர்டர்களின் மிச்சம் ரூ.4,100.80. இழப்பைக் கழித்தால் எஞ்சுவது 1,912 ரூபாய். அதாவது, ஒரு திரும்பல் ஏறத்தாழ நான்கு விற்பனைகளின் மிச்சத்தை விழுங்குகிறது. திரும்புவன 12 என்பது 21 ஆகிவிட்டால், இதே விகிதத்தில் உடைசலும் இருந்தால், நூறு ஆர்டர்களும் சேர்ந்து நட்டத்தில் முடியும்.

தள்ளுபடியின் விளைவு

பண்டிகைக்கால விற்பனையில் 10 சதவீதத் தள்ளுபடி தருகிறார் என்று கொள்வோம். விலை 180 ரூபாய். கமிஷன் ஒரு ரூபாய் குறையும். பிற செலவுகள் குறையா. மிச்சம் ரூ.46.60இலிருந்து ரூ.27.78 ஆகிறது. விலையில் 10 சதவீதம் குறைத்ததால் மிச்சத்தில் 40 சதவீதம் போய்விட்டது. தள்ளுபடியால் ஆர்டர்கள் பெருகும் என்பது உண்மை. அவற்றோடு திரும்பல்களும் பெருகும்.

உழைப்பின் விலை

பெரும்பாலோர் கணக்கில் எழுதாத செலவு ஒன்று உண்டு. அது தம் சொந்த நேரம். ஒரு ஜோடி செய்ய 20 நிமிடம்; படம் எடுத்தல், வினாக்களுக்கு விடையளித்தல், கட்டுதல், ஒப்படைத்தல் ஆகியவற்றுக்கு 15 நிமிடம். நூறு ஆர்டர்களுக்கு 58 மணி 20 நிமிடம் ஆகிறது. 1,912 ரூபாயை இந்நேரத்தால் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 33 ரூபாய். குடும்ப வேலைகளுக்கு நடுவே, இரவில் கண்விழித்துச் செய்யும் உழைப்புக்குக் கிடைக்கும் கூலி இது.

இப்போது இதே காதணிகளை மூன்று ஜோடி கொண்ட தொகுப்பாக 500 ரூபாய்க்கு விற்பதாகக் கொள்வோம். மூலப்பொருள் ரூ.135, கட்டுமானம் ரூ.20, கமிஷன் ரூ.25, நிலைக் கட்டணமும் அனுப்பும் கட்டணமும் முன்போலவே ரூ.70, வரி ரூ.17.10. மிச்சம் ரூ.232.90. அதே விகிதத்தில் 12 திரும்பி 4 உடைந்தாலும், நூறு ஆர்டர்களில் எஞ்சுவது ரூ.17,874.40. மூன்று ஜோடி செய்வதற்கான 60 நிமிடத்தையும் பிற வேலைக்கான 15 நிமிடத்தையும் சேர்த்துப் பார்த்தாலும் மணிக்கு 143 ரூபாய்.

500 ரூபாய் கொடுத்து வாங்குவோர் குறைவு என்ற ஐயம் எழலாம், அது நியாயமானதே. ஆனால் ஒற்றை ஜோடியாக 100 ஆர்டர்களில் கிடைக்கும் தொகையைத் தொகுப்பாக விற்றால் 11 ஆர்டர்களிலேயே ஈட்டிவிடலாம். எனவே ஒரு பொட்டலத்தின் மதிப்பை உயர்த்துவது பற்றி முதலில் சிந்திக்க வேண்டும். ஆர்டர்களின் எண்ணிக்கை அதற்கு அடுத்தது.

எடையும் பெட்டியும்

கூரியர் நிறுவனங்கள் பல, உண்மையான எடையையும் கன அளவால் கணக்கிட்ட எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்கே கட்டணம் பெறுகின்றன. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்தால் கிலோகிராம் கிடைக்கும். 20, 15, 10 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டியில் வைத்தால், சில கிராம் எடையுள்ள காதணிக்கும் 600 கிராம் எடை கணக்காகும். 12, 8, 4 சென்டிமீட்டர் பெட்டி என்றால் 77 கிராம்தான். 500 கிராம் வரை ஒரு கட்டணம் என்ற படிநிலை இருக்குமிடத்தில், பெட்டியின் அளவு ஒன்றே லாபத்தை நட்டமாக்கிவிடும்.

வரியும் வங்கிக் கணக்கும்

தன் மாநிலத்துக்குள் மட்டும் விற்று, பதிவு வரம்புக்குக் கீழே விற்றுமுதல் உள்ளவர், பான் எண்ணைக் கொண்டு ஜி.எஸ்.டி. தளத்தில் சேர்க்கை எண் பெற்று, பதிவு இல்லாமலே இணையச் சந்தையில் பொருள் விற்க 2023 அக்டோபர் முதல் வழி உண்டு. பிற மாநிலத்துக்கு அனுப்ப வேண்டுமானால் பதிவு தேவை. பதிவு பெற்றவரிடம் சந்தைத்தளம் பிடிக்கும் ஜி.எஸ்.டி. தொகை 2024 ஜூலை 10 முதல் அரை சதவீதம். வருமான வரிப் பிடித்தம் 2024 அக்டோபர் முதல் 0.1 சதவீதம். பான் அல்லது ஆதார் எண்ணை அளித்த தனிநபரின் தள விற்பனை ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டால் இந்த வருமான வரிப் பிடித்தம் இல்லை. இவ்விரு பிடித்தங்களும் செலவல்ல. உரிய முறையில் வரவு வைத்துக்கொள்ளலாம். கணக்குத் தாக்கல் செய்யாதவர்க்கே அவை இழப்பாகின்றன.

கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் வங்கியாளர் என்ற முறையில் இங்கு ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். நம் எடுத்துக்காட்டில் 88 வாடிக்கையாளர் செலுத்திய தொகை 17,600 ரூபாய். கட்டணங்கள் கழிந்து வங்கிக் கணக்குக்கு வருவது 7,452 ரூபாய். மூலப்பொருளும் கட்டுமானமும் போக நிற்பது 1,912 ரூபாய். இம்மூன்றும் வெவ்வேறு எண்கள். வரிக்குரிய விற்றுமுதல் முதல் எண். தவணை செலுத்தும் திறனைக் காட்டுவது மூன்றாம் எண். இடையில் உள்ள வங்கி வரவை வருமானம் என்று எண்ணிக் கடன் பெற்றால், தவணையைக் குடும்பச் சேமிப்பிலிருந்து கட்ட நேரிடும்.

ஏமாற்றும் ஒரு செலவே

பயன்படுத்திய பொருளை நேரடியாக விற்போரைக் குறிவைக்கும் மோசடிகளும் உள்ளன. ‘பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள்’ என்று வாங்குபவர் கூறினால் உடனே விலகுங்கள். யு.பி.ஐ. மூலம் பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவோ பின் எண்ணை இடவோ தேவையே இல்லை. பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் பெருந்தொகைக்கு வாங்குவதாகக் கூறி, ரிசர்வ் வங்கியின் பெயரைப் பயன்படுத்திக் கட்டணம், கமிஷன், வரி கேட்போர் குறித்து 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்துள்ளது. ஏமாற்றப்பட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைப்பதோடு, தங்கள் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும்.

விலை வைக்கும் முன்

முதலில், ஒரு பொருளுக்கு என்று கணக்கிடாமல், திரும்புவனவற்றையும் சேர்த்து நூறு ஆர்டர்களுக்குக் கணக்கிடுங்கள். இரண்டாவதாக, தங்கள் ஒரு மணி நேரத்துக்கு ஒரு மதிப்பை எழுதி, அதையும் செலவில் சேருங்கள். மூன்றாவதாக, எந்தத் தள்ளுபடியிலும் எந்த ஏலத்திலும் இதற்குக் கீழே விற்பதில்லை என்று ஒரு விலையை முன்கூட்டியே குறித்து வையுங்கள். நான்காவதாக, சிறு பொருள்களைத் தொகுப்பாக்குங்கள். இயலாதவற்றை அருகிலுள்ள கடையிலோ கண்காட்சியிலோ தெரிந்தவர்களிடமோ விற்றுவிடுங்கள். அங்கே சுமைகூலி இல்லை. ஐந்தாவதாக, வணிகத்துக்கெனத் தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, தளம் அனுப்பும் தீர்வு அறிக்கையை மாதந்தோறும் அதனோடு ஒப்பிடுங்கள்.

இதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு மாலை நேரமும் போதும். கணக்கில் ஐயம் இருப்பின், தீர்வு அறிக்கையை எடுத்துக்கொண்டு தங்கள் கிளைக்கு வாருங்கள். கடன் விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே வருவது இன்னும் நல்லது.