பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கச் சட்டம் இடம் தருகிறதா?

கேள்வி: பைக்காராவில் வசிக்கும் வாசகி ஒருவர், அரசுத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் படிக்கும் தம் மகளையும் மகனையும் வரும் கல்வியாண்டு முதல் நிறுத்திவிட்டு, வீட்டிலேயே தாமே கற்பிக்க எண்ணியுள்ளார். மழைக்காலத்தில் பேருந்து நேரத்துக்கு வராததும், மாலையில் காட்டெருமை நிற்கும் பாதையில் பிள்ளைகள் நடந்து திரும்ப வேண்டியிருப்பதும் காரணம் என்கிறார். இதனால் வழக்கு வருமா?

பதில்: 2002ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்ட 86ஆவது திருத்தம், 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளின் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதைச் செயல்படுத்த இயற்றப்பட்டு 1.4.2010 முதல் நடைமுறைக்கு வந்த இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆவது பிரிவு, பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமை என்கிறது. ஆனால் அக்கடமையைச் செய்யாத பெற்றோருக்கு அச்சட்டம் தண்டனை எதையும் விதிக்கவில்லை. ஆதலால் இச்சட்டத்தின் கீழ் வழக்கு வரும் என்று அஞ்ச வேண்டியதில்லை. எனினும் தண்டனை இல்லை என்பதால் அனுமதி உண்டு என்று ஆகிவிடாது. 14 வயது மாணவி ஒருவர் வீட்டுக்கல்விக்கு இடம் கேட்டு 2011இல் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியபோது, விரும்பும் பெற்றோர் வீட்டில் கற்பிக்கலாம் என 2012இல் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்த மத்திய அரசு, பின்னர் அந்நிலையிலிருந்து பின்வாங்கியது. வீட்டுக்கல்வி ஆர்வலர்கள் முதற்பத்திரத்தை எடுத்துக்காட்டுவதும் பின்னதை மறந்துவிடுவதும் வழக்கமாகிவிட்டது.

உண்மையான இழப்பு நீதிமன்றத்தில் அல்ல, சான்றிதழில்தான் நேர்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்களைத் தமிழ்நாடு அரசு 2020இல் ஒதுக்கி, 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் அதை நீட்டித்தது. மூத்த மகள் அடுத்த ஆண்டு நுழைய வேண்டியது அந்த ஆறாம் வகுப்பில்தான் என்பதால், இப்போது நிறுத்தினால் அந்தக் கணக்கு முதற்படியிலேயே அறுபடும். 2022இல் தொடங்கிய, உயர்கல்வி பயிலும் மாணவியருக்கு மாதம் ரூ.1,000 வழங்கும் புதுமைப் பெண் திட்டமும் ஆறாம் வகுப்பு முதலான பள்ளிப் படிப்பையே அடிப்படையாகக் கொண்டது. தமிழ்வழியில் படித்தோருக்கு அரசுப் பணியில் உள்ள 20 விழுக்காடு முன்னுரிமைக்கும் பள்ளிப் படிப்பிலிருந்தே பயிற்றுமொழிச் சான்று தேவைப்படுவதால், வீட்டில் தமிழிலேயே படித்த மகனுக்கும் அதை எழுதித் தர ஆளிருக்காது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியே 14 வயது நிறைந்தபின் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதலாம்; அது தேர்வுக்கு வழி காட்டுமே தவிர, மேற்சொன்ன சலுகைகளை மீட்டுத் தராது.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு பாடம் நடத்தும் எண்ணம் இருப்பின் அதில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அங்கீகாரச் சான்று இன்றிப் பள்ளி நடத்துவோருக்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் 18ஆவது பிரிவு ஒரு லட்சம் ரூபாய் வரையும், தொடர்ந்தால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாயும் அபராதம் விதிக்கிறது. பெற்றோரைத் தண்டிக்காத அதே சட்டம் இங்கே கடுமை காட்டுகிறது. மனம் மாறினால், 14 வயதுக்குள் வயதுக்கேற்ற வகுப்பில் சேரும் உரிமையும், பின்தங்கிய பாடங்களுக்குச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமையும் 4ஆவது பிரிவின்படி பிள்ளைகளுக்கு உண்டு.

ஆனால் வாசகியின் குறை கற்பிக்கும் முறையைப் பற்றியதன்று, பாதையைப் பற்றியது. அச்சட்டத்துக்கான 2011ஆம் ஆண்டின் தமிழ்நாடு விதிகள், தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்கின்றன. தூரத்தையும் காட்டெருமை நடமாட்டத்தையும் குறிப்பிட்டு, பிள்ளைகள் சென்றுவரப் போக்குவரத்து வசதியும் வழித்துணையும் கோரி வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்து மூலம் மனுக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு விடை கிடைக்கும் வரை டி.சி. வாங்காதிருப்பதே நலம்.