லொடலொட சத்தம் எப்போது நிற்கிறது?

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய பைக். மேடு பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் லொடலொட என்கிறது. எல்லோரும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றுதான் குனிந்து பார்க்கிறார்கள். அது எப்போது நிற்கிறது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

நம்பிக்கை: சத்தம் வந்தால் பிரேக் பேட் தேய்ந்துவிட்டது.

தேய்ந்துபோன பேட் பிரேக் பிடிக்கும்போதுதான் 'கர்ர்' என்று டிஸ்க்கை அரைக்கும். பேட் குலுங்கும் லொடலொட சத்தம் அதற்கு நேர்மாறு. பிரேக் பிடிக்காதபோதுதான் வரும். ஆள் நடமாட்டம் இல்லாத கரடுமுரடான தெருவில் மெதுவாகப் போய், முன்பிரேக் லிவரை ஒரு விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். வேகம் குறையக்கூட வேண்டாம். சத்தம் சட்டென்று அடங்கினால் ஆடுவது பேட் அல்லது அதைப் பிடித்திருக்கும் காலிப்பர். அடங்காவிட்டால் பிரேக்கை விட்டுவிட்டு மட்கார்டு போல்ட், ஹெட்லைட், ஸ்பீடாமீட்டர் கேபிள் என்று தேடலாம்.

காரணம் எளிது.  இப்படிப்பட்ட டிஸ்க் பிரேக் வண்டிகளில் பெரும்பாலும் பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கும். அது தன் பக்கத்துப் பேட்டைத் தள்ளும்; அந்த எதிர்விசையில் காலிப்பர் இரண்டு பின்கள் மேல் நகர்ந்து மறுபக்கப் பேட்டை இழுத்து அழுத்தும். நகர வேண்டிய பொருள் என்பதால் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் செய்கிறார்கள். அந்த இடைவெளியில் பேட் குலுங்காமல் பிடித்துவைப்பது விரல் நகம் கனம்கூட இல்லாத ஒரு ஸ்பிரிங் தகடு.

என் வண்டியில் அந்தத் தகடே இல்லை! புதுப் பேட் மாட்டியவர், பழைய பேட்டோடு அதையும் சேர்த்துக் குப்பையில் போட்டிருந்தார். மூன்று மாதம் லொடலொடத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பேட் மாற்றக் கொடுத்தால் கழற்றிய சாமான்களை ஒரு காகிதத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

தகடு இருந்தும் ஆடினால் பின்னைப் பாருங்கள். காலிப்பரைக் கையால் பிடித்து அசைத்தால் உள்ளும் வெளியும் வழுக்கிப் போகலாம். மேலும் கீழும் 'டக் டக்' என்று ஆடக்கூடாது.

நம்பிக்கை: ஸ்பேனரை எடுத்து எல்லாவற்றையும் இறுக்கினால் சரியாகிவிடும்.

காலிப்பரை ஃபோர்க்கோடு பிணைக்கும் போல்ட்டும் டிஸ்க் போல்ட்டும் தளர்ந்திருந்தால் இறுக்கத்தான் வேண்டும், அதுவும் உடனே. ஆனால் தேய்ந்த பின்னை எவ்வளவு முறுக்கினாலும் தேய்மானம் போகாது. மரை வழுக்கியதுதான் மிச்சமாகும்.

நம்பிக்கை: கொஞ்சம் கிரீஸ் தடவு, சத்தம் போய்விடும்.

போய்விடும், பிரேக்கும் கூடவே போய்விடும். பேட்டின் முகத்திலோ டிஸ்க்கிலோ ஒரு துளி எண்ணெய்ப்பசை படக்கூடாது. பட்ட பேட்டைப் பெட்ரோலில் கழுவித் தீயில் காட்டி மாட்டுகிறவர்கள் உண்டு. பேட் உறிஞ்சிய எண்ணெய் முழுவதும் அப்படி வெளியே வராது, புதுசு வாங்குங்கள். பின்களுக்கு மட்டும் கிரீஸ் வேண்டும், அதுவும் சிலிக்கான் கிரீஸ். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். பிறகு பின் இறுகிக்கொண்டு, ஒரு பேட் மட்டும் கரைய ஆரம்பிக்கும்.

நம்பிக்கை: பிரேக் பிடித்தால் 'டொக்' என்கிறது, ஆகவே கோளாறு பிரேக்கில்.

பல நேரம் குற்றவாளி கோன்செட், அதாவது ஹேண்டில்பார் கழுத்துப் பேரிங். சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஒருவர் வண்டியின் பின்பக்கத்தை அழுத்த, முன்சக்கரம் தரையை விட்டு எழும்பட்டும். ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில்பார் கழுத்தில் 'டொக்' என்று தட்டினால் கோன்செட்டில் ஆட்டம். கழுத்து அசையாமல் ஃபோர்க் குழாய்களுக்கு நடுவே ஆட்டம் தெரிந்தால் தேய்ந்தது ஃபோர்க்.

'முன்பிரேக் பிடித்தால் தூக்கி அடித்துவிடும், அதைத் தொடவே மாட்டேன், சத்தம் வந்தால் என்ன?' என்பவர்களும் இருக்கிறார்கள். பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்சக்கரத்துக்கு ஏறுகிறது. அவசரத்தில் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு அந்தச் சக்கரத்துக்குத்தான். ஈரத்திலும் மணலிலும் வளைவிலும் படக்கென்று பிடிப்பதுதான் ஆபத்து.

நம்பிக்கை: டிரம் பிரேக்கில் லொடலொட வராது.

டிரம் பிரேக் ஆர்எக்ஸ் 100 பைக் வைத்திருப்பவர்கள் சிரிப்பார்கள். ஷூ ஸ்பிரிங் தளர்ந்தாலும், பிரேக் கேபிள் ஃபோர்க்கில் மோதினாலும் சத்தம் வரும். திறந்து சுத்தம் செய்யும்போது மட்டும் ஏர் பிடித்து ஊதாதீர்கள். பழைய ஷூக்கள் பலவற்றில் கல்நார் உண்டு, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

பஞ்சர் போட்டுச் சக்கரத்தைத் திரும்ப மாட்டிய அன்றே சத்தம் ஆரம்பித்தால் மட்டும் வண்டியை ஓட்டவே வேண்டாம். டிரம் பிளேட்டில் உள்ள பள்ளம் ஃபோர்க்கில் இருக்கும் முட்டில் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் பிரேக் பிடித்ததும் பிளேட்டே சக்கரத்தோடு சுற்றி, கேபிளை இழுத்துச் சக்கரத்தைப் பூட்டிவிடும். அங்கேயே குனிந்து பள்ளத்தைப் பாருங்கள். சரியாக உட்கார்ந்த பிறகு, பக்கத்தில் இருப்பவரை முன்பிரேக் லிவரை இழுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு ஆக்சில் நட்டை முறுக்குங்கள். ஷூக்கள் நடுவில் வந்து உட்காரும்.