புகையில் இல்லை, விரலில் இருக்கிறது ஈயம்

சால்டரிங் அயர்ன் சூடேறி முதல் புகைச்சுருள் எழுந்ததுமே சமையலறையிலிருந்து குரல் வந்துவிடும்: “அந்த ஈயப் புகைய எதுக்குங்க மூக்குக்குள்ள இழுத்துக்கிட்டு இருக்கீங்க?” என் மனைவியின் இந்தக் கேள்விக்கு இருபது வயதாகிறது. அதில் பாதி தவறு, பாதி மிகச் சரி. எந்தப் பாதி எது என்று புரியாமலேதான் நம்மில் பலர் புகை உறிஞ்சும் கருவி வாங்கக் கிளம்புகிறோம். விலை கேட்கிறோம், வாட் கேட்கிறோம், சத்தம் போடுமா என்று கேட்கிறோம். அது எதைப் பிடிக்க வேண்டும், எங்கே வைத்தால் பிடிக்கும் என்று மட்டும் கேட்பதில்லை.

பழைய ரேடியோக்களைப் பிரித்துப்போட்டு உட்கார்வது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. அந்த மேசையைச் சுற்றிக் காதில் விழுந்த நம்பிக்கைகள் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அதில் ஒன்றை நானே நெடுநாள் நம்பியிருந்தேன்.

“புகை என்றால் அது ஈயம்தான்”

குழப்பத்தை உண்டாக்கியதே பெயர்தான். சால்டரிங் கம்பியை மெக்கானிக்குகள் ‘லெட்’ என்பார்கள். நாமோ ஈயம் என்போம். தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் வெள்ளீயத்துக்கும் காரீயத்துக்கும் பொதுவாகப் புழங்குகிறது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். நஞ்சு என்று அஞ்ச வேண்டியது காரீயம். வழக்கமான சால்டரிங் கம்பியில் 63 சதவீதம் வெள்ளீயம், 37 சதவீதம் காரீயம். இந்தக் கலவை 183 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். நாம் வேலை செய்யும்போது பிட்டின், அதாவது அயர்ன் முனையின், சூடு 350 டிகிரி அளவில் இருக்கும். காரீயம் கொதிப்பதற்கோ 1749 டிகிரி வேண்டும். 500 டிகிரியைத் தாண்டினால்தான் காரீய ஆவியைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்பது தொழிற்சாலைப் பாதுகாப்பில் பின்பற்றும் கணக்கு. ஆக, வீட்டு மேசையில் எழும் புகையில் காரீயம் இல்லை என்றே சொல்லிவிடலாம்.

பிறகு அந்தப் புகை என்ன? கம்பியின் நடுவில் நரம்புபோல் ஓடும் ஃப்ளக்ஸ் எரிவதுதான். பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூசுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். சூடான பாத்திரத்தில் வெள்ளையாகக் குபுகுபுவென்று எழுவது ஈயம் அல்ல, அதற்கு முன் தூவிய நவச்சாரம். இங்கே நவச்சாரத்தின் இடத்தில் பைன் மரப் பிசின் இருக்கிறது. ரோசின் என்று டப்பாவில் போட்டிருப்பது அதைத்தான்.

காரீயம் உடலுக்குள் போகும் வழி வேறு. கம்பியைத் தொட்ட விரலில் கரும்பழுப்பாக ஒட்டியிருக்கும். அதே விரலால் வடையை எடுத்தால் கதை முடிந்தது. இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது கம்பியைப் பல்லில் கடித்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் மோசம். நல்ல கைத்தேர்ச்சி உள்ள மெக்கானிக்குகளே அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். இரத்தத்தில் இவ்வளவு காரீயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் தெரியவரவில்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு. குழந்தை தவழும் வீட்டில் மேசைக்கடியில் சிந்திய துணுக்குகளை விளக்குமாற்றால் பெருக்கித் தூசி கிளப்பாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய உறிஞ்சியும் இந்த வேலையை உங்களுக்காகச் செய்யாது.

“மரப்பிசின்தானே, சாம்பிராணி மாதிரி”

புகையில் ஈயம் இல்லை என்று சொன்னதும் நண்பர்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்கிறார்கள். அங்கேதான் அடுத்த சறுக்கல். ரோசின் எரிந்து வரும் புகை, வேலையிடத்தில் ஆஸ்துமாவை உண்டாக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று. பிரிட்டனின் தொழில் பாதுகாப்பு அமைப்பு இதற்கென்றே தனி வரம்பு வைத்திருக்கிறது: எட்டு மணி நேர சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 0.05 மில்லிகிராம். கண்ணுக்குத் தெரியும் ஒரு புகைச்சுருள் நேராக மூக்கில் ஏறினால் அந்தச் சில நொடிகளில் இந்த அளவை எளிதில் தாண்டிவிடும்.

தொழிற்சாலையில் நாள் முழுக்க உட்கார்ந்து பற்றவைப்பவரோடு ஒப்பிட்டால், ஞாயிறு மட்டும் இரண்டு மணி நேரம் செய்பவருக்கு ஆபத்து மிகக் குறைவு. அதை மறைத்துப் பயமுறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இந்த ஆஸ்துமாவுக்கு ஒரு குணம் உண்டு. உடம்பு ஒருமுறை ரோசினைப் பகையாக நினைத்துவிட்டால், அதன்பின் துளிப் புகையும் மூச்சை இறுக்கும். இருமலும் இழுப்பும் வேலை செய்யும்போதே வரவேண்டும் என்பதில்லை, பல மணி நேரம் கழித்து இரவில் வரலாம். அதனால் பலரும் பனியைத் திட்டுவார்களே தவிர மேசையைச் சந்தேகிக்க மாட்டார்கள். மேசைப்பக்கம் போகாத நாட்களில் மூச்சு இலகுவாக இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால், மருத்துவரிடம் சால்டரிங் விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சாம்பிராணிப் புகை நுரையீரலுக்கு நல்லது என்று யார் சொன்னார்கள் என்பது தனிக் கேள்வி.

ரேடியோ காயில் சுற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை. சுரண்டாமலேயே பற்றவைக்க முடிகிற எனாமல் கம்பிகளில் பெரும்பாலும் பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். அது சூட்டில் சிதையும்போது ஐசோசயனேட் வெளிவரும். ஆஸ்துமாவைத் தூண்டுவதில் அது ரோசினுக்குச் சற்றும் இளைத்ததல்ல.

“ஈயமில்லாக் கம்பி வாங்கினால் உறிஞ்சி வேண்டாம்”

ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலையில் மின்னணுப் பொருட்களில் காரீயத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு ஈயமில்லாக் கம்பி பரவலானது. விரலுக்கும் குப்பைமேட்டுக்கும் நல்லதுதான். மூச்சுக்கு அதனால் லாபம் இல்லை. வெள்ளீயம், வெள்ளி, செம்பு கலந்த அந்தக் கம்பி உருக 217 டிகிரி வேண்டும். பிட்டைக் கூடுதலாகச் சூடேற்றுவோம், ஃப்ளக்ஸும் கூடுதலாகப் புகையும்.

“மேசை ஓரத்தில் ஒரு ஃபேன் வைத்தால் போதும்”

இதுதான் நான் நம்பியது. கறுப்பு ஸ்பாஞ்ச் மாட்டிய 12 செ.மீ. ஃபேன் ஒன்றை வாங்கி, கைக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதே என்று மேசையின் மறுகோடியில், ஓர் அடி தள்ளி வைத்தேன். தலைக்கு மேலே சீலிங் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு ஆண்டுகள் இந்த ஏற்பாட்டின்மேல் பெருமையாகவே இருந்தேன். ஒரு நாள் மின்வெட்டில், இன்வெர்ட்டரில் மேசை விளக்கும் அயர்னும் இந்தச் சின்ன ஃபேனும் மட்டும் ஓடியபோதுதான் கவனித்தேன். புகை ஃபேன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக என் மூக்குக் கண்ணாடிக்கு ஏறி வந்தது.

உறிஞ்சும் காற்றின் இயல்பு அப்படி. ஊதுகுழலால் ஊதினால் ஒரு கை தூரத்தில் உள்ள அடுப்பு பற்றிக்கொள்ளும். அதே குழலால் உறிஞ்சிப் பாருங்கள், அடுப்பில் தூங்கும் பூனைகூடக் கண் திறக்காது. ஊதும்போது காற்று ஒரே திசையில் அம்புபோல் போகிறது. உறிஞ்சும்போது நாலாபுறமிருந்தும் வருவதால், வாயிலிருந்து சற்று விலகினாலே வேகம் சரிந்துவிடுகிறது.

எவ்வளவு சரியும் என்பதற்குக் காற்றோட்டப் பொறியாளர்களிடம் ஒரு சூத்திரம் உண்டு. வடிகட்டி இல்லாமல் மணிக்கு 120 கன மீட்டர் காற்றை நகர்த்தும் 12 செ.மீ. ஃபேனுக்கு அதைப் போட்டுப் பார்த்தேன். 5 செ.மீ. தூரத்தில் நொடிக்கு 0.9 மீட்டர் வேகம். 10 செ.மீ. தள்ளினால் 0.3 மீட்டர். நான் வைத்திருந்த ஓர் அடியில் 0.04 மீட்டர்கூட இல்லை. சால்டரிங் புகையை நிச்சயமாகப் பிடிக்க 0.5 மீட்டர் அளவு வேண்டும். ஸ்பாஞ்சைப் போட்டால் காற்று பாதியாகவும் அதற்குக் கீழேயும் குறையலாம். மேலே சுற்றும் சீலிங் ஃபேன் அனுப்பும் காற்றோ நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் மேசையில் இறங்கும். யானைக்கு முன்னால் எலி வாலாட்டிய கதைதான்.

ஆகவே முதல் விதி தூரம். கருவியின் வாய் பிட்டிலிருந்து ஒரு கையகலத்துக்குள் வர வேண்டும். அதற்கு வளையும் கையுள்ள கருவியோ, தூக்கி நகர்த்த இலகுவான கருவியோ தேவை. சீலிங் ஃபேனை நிறுத்தியாக வேண்டும். மே மாதத்தில் இதைச் சொல்பவன் எதிரி என்று தெரியும். பக்கத்து அறை ஃபேனுக்கு அடியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போய் நின்றுவிட்டு வருவதே என் ஏற்பாடு.

சமையலறைச் சிம்னிபோல மேலே மாட்டும் யோசனையையும் விட்டுவிடுங்கள். புகை மேலே போகும் வழியில், சிம்னிக்கு முன்னால் உங்கள் முகம் இருக்கிறது.

“வாசனை போய்விட்டது, வடிகட்டி வேலை செய்கிறது”

கறுப்பு ஸ்பாஞ்சில் இருப்பது கரி. அது வாயுக்களையும் நாற்றத்தையும் ஓரளவு பிடிக்கும். புகையின் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை, அந்தத் துளைகளில் சாவகாசமாக நுழைந்து மறுபக்கம் வந்துவிடும். துகளைப் பிடிக்க ஹெப்பா வடிகட்டி வேண்டும், 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தை நிறுத்துவது அமெரிக்க அளவுகோல். ஹெப்பா வாயுவைப் பிடிக்காது. எனவே நல்ல கருவியில் முதலில் பஞ்சு, அடுத்து ஹெப்பா, கடைசியில் கனமான கரிப்படுகை என்று மூன்றும் இருக்கும். ஹெப்பாவின் அடைப்பை மீறி இழுக்கச் சாதாரண ஃபேன் போதாது, புளோயர் வேண்டும். கம்ப்யூட்டர் ஃபேன்மேல் ஹெப்பாவை ஒட்டி விற்பதை வாங்காதீர்கள். மாற்று வடிகட்டி நம் ஊரில் கிடைக்குமா, என்ன விலை என்று கேட்காமலும் வாங்காதீர்கள். நாளடைவில் கருவியைவிட அதற்கே அதிகம் செலவாகலாம்.

அயர்னோடு சேர்த்துக் கட்டும் மெல்லிய உறிஞ்சு குழாய் உண்மையிலேயே திறமையானது, புகை பிறந்த இடத்திலேயே இழுத்துவிடும். ஆனால் கை கனக்கும், குழாயில் பிசின் அடைத்துக்கொள்ளும். தினமும் செய்பவருக்குச் சரி. முகக்கவசம் என்றால் துணியும் சர்ஜிக்கல் மாஸ்கும் வீண். என்95 துகளை நிறுத்தும், வாயுவை விட்டுவிடும்.

“குழாய் வைத்து ஜன்னல் வழியே தள்ளுவதெல்லாம் நாட்டு வைத்தியம்”

ஜன்னல் உள்ள வீட்டில் என் தேர்வு இந்த நாட்டு வைத்தியம்தான். 4 அங்குல வளையும் டக்ட், அதே அளவு இன்லைன் ஃபேன், வாய்க்கு ஒரு புனல், ஜன்னல் இடைவெளியை மூட ஒரு பிளைவுட் துண்டு. வடிகட்டியே வேண்டாம், மாற்றுச் செலவும் இல்லை. ஃபேனை ஜன்னல் முனையில் வையுங்கள். டக்டில் எங்காவது ஓட்டை இருந்தாலும் புகை அறைக்குள் கசியாது. டக்ட் நீளம் குறைவாகவும் வளைவுகள் இல்லாமலும் இருக்கட்டும். வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர, கதவையோ எதிர் ஜன்னலையோ கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும். பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேராக மட்டும் தள்ளாதீர்கள்.

ஏ.சி. அறையில் இது கட்டுப்படியாகாது. மூன்று மீட்டர் நீள, அகல, உயரமுள்ள அறையில் வெறும் 27 கன மீட்டர் காற்றுதான் இருக்கிறது. மணிக்கு 100 கன மீட்டரை வெளியே தள்ளினால் குளிர்ந்த காற்று முழுவதும் மணிக்கு ஏறக்குறைய நாலு தடவை போய்விடும். அங்கே ஹெப்பாவும் கரியும் உள்ள கருவிக்குக் காசு செலவழிப்பதே சரி.

எதை வாங்கினாலும் முதல் நாளே ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, பிட் இருக்கும் இடத்தில் பிடித்துப் பாருங்கள். மெல்ல மெல்ல விலக்கிக்கொண்டே வாருங்கள். புகை வளைந்து கருவிக்குள் போவது எந்த இடத்தில் நிற்கிறதோ, அந்த இடத்தில் மேசையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டிப் பற்றவைக்காதீர்கள். என் மேசையில் அது 10 செ.மீ. தூரத்தில் இருக்கிறது.