தறிச் சத்தமும் சாட்டிலைட் மோடமும்

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். வைவாவில் "மோடத்துல எஃப்.இ.சி. எதுக்குப்பா?" என்றதும் முழித்தேன்.

1994-இல் வணிகம் தொடங்கிய தேசியப் பங்குச் சந்தை, வெளியூர்த் தரகர்களை வி-சாட் மூலம் இணைத்தது. அதன் உயிர்நாடி மோடம். புவிநிலைச் செயற்கைக்கோள் இருப்பது 35,786 கி.மீ. உயரத்தில், சிக்னல் ஏறி இறங்கவே கால் விநாடி ஆகும். பிழை வந்தபின் "மறுபடி சொல்லு" என்றால் தாமதம். எனவே திருத்தும் பிட்டுகளை மோடம் முன்கூட்டியே சேர்த்தனுப்பும். 3/4 கோடிங்கில் நான்கு பிட்டுக்கு மூன்று தகவல்; 1/2-இல் இரண்டுக்கு ஒன்று. மழையில் சிக்னல் தளர்ந்தால் 1/2-க்கு மாற்றலாம். வேகம் குறையும், தகவல் பிழைக்கும்.

சோமனூர்த் தறிக்கூடத்தில் அப்பா எதையும் ரெண்டு தடவை சொல்வார். "இந்தச் சத்தத்துல ஒருக்கா சொன்னா காதுல விழுகாது கண்ணு!"

விடை எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது!